வாக்கியத்தில் இல்லாத அக்காவுக்கு

கெடார்,
வியாழக்கிழமை.

அன்புள்ள ரோஜா அக்காவுக்கு, பூமாலை எழுதிக்கொண்டது. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு இருமல், மாடு மட்டும் நலம். அங்கே கோட்டக்குப்பத்தில் நீயும் சர்புதீன் மாமாவும் மாட்டைப் போல நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நான் வேலை செய்யும் தையல் கடைக்கு நீ அனுப்பிய கடிதம் கிடைத்தது. ஏழாம் மாத வளைகாப்புக்கு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் அக்கா. காரணத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

போன ஞாயிறு திண்டிவனத்திலிருந்து சித்ரா மேடம் என்று ஒருவர் வந்தார். அவன், அவள், தான் என்று சொன்னால் அது யாரைக் குறிக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். இலக்கணம் அதிகம் படிக்காத ஆள் வேண்டுமாம். ஒன்பதாவதோடு நின்றதற்கு முதல்முறையாக எனக்கு ஒரு மரியாதை கிடைத்தது. 'கலைமதி தன்னைக் கண்ணாடியில் பார்த்தாள்' என்றால் யாரைப் பார்த்தாள் என்றார். கலைமதியைத்தான் என்றேன். 'கலைமதி அவளைக் கண்ணாடியில் பார்த்தாள்' என்றால்? வேறு யாரையோ என்றேன். சரி என்று எழுதிக்கொண்டார். அடுத்து, 'தாண்டவராயன் தன்னைத் திட்டியதாகக் குமரேசன் சொன்னான்', இதில் திட்டு வாங்கியது யார் என்று கேட்டதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா உள்ளே வந்து, "எந்தத் தாண்டவராயன்? பம்புசெட்டு தாண்டவராயனா? அவன் எல்லாரையும்தாங்க திட்டிக்கினு இருப்பான்" என்றார். என் கூச்சம் போகட்டும் என்று மேடம் அடுத்ததில் அம்மாவின் பெயரைப் போட்டார். அதில்தான் வினை வந்தது. 'அவள் சாப்பிட்டாளோ என்னவோ என்று கோவிந்தம்மாள் சொன்னாள்.' அவள் யார்?

நான் யோசிக்கவே இல்லை. "எங்க அக்கா" என்றேன்.

"வாக்கியத்துல அக்கா இல்லியேம்மா."

"எங்க வீட்ல 'அவ'ன்னா அக்காதாங்க மேடம்."

மல்லாட்டை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. நீ மாமாவைக் கட்டிக்கொண்டு போன அன்று, உன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து 'அவ' என்ற சொல்லை உனக்கே விட்டுவிட்டோம். அத்தையைப் பற்றிப் பேசினால்கூட அப்பா முழுப்பெயர் சொல்கிறார். குழம்பு கூட்டும்போது அம்மா, அவளுக்குப் புளி ஆகாது என்பாள்; அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். இதையெல்லாம் நான் வெளியாள் முன்னால் போட்டு உடைத்துவிட்டேன். துண்டை உதறிக்கொண்டு கழனிக்குப் போன அப்பா நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. அம்மா பேசுகிறாள், பாத்திரங்களோடு. இந்த நிலையில் நீ வயிற்றோடு வந்து நின்று, அவர் கதவைச் சாத்திவிட்டால் என்னால் தாங்க முடியாது. கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கியிருக்கிறேன், யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். நீ வராதே.

மாமாவுக்கு என் வணக்கம். வயிற்றில் இருப்பவருக்குச் சித்தியின் முத்தம்.

உன் தங்கை,
பூமாலை

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது அப்பா வந்துவிட்டார். எனக்கு மறைக்கத் தெரியவில்லை, கொடுத்துவிட்டேன். நின்றபடியே முழுதும் படித்தார். பிறகு, "பஸ்ல வர வேணாம்னு எழுது. ரோடெல்லாம் பள்ளம். ஞாயித்துக்கிழமை நானே காரு வச்சிக்கினு வர்றேன்" என்றார். அக்கா, மாமாவை உடனே வாசலுக்கு அனுப்பாதே. அவர் வாங்க என்று சொன்னால் அப்பா தெருவிலேயே அழுதுவிடுவார். முதலில் நீ வந்து நில்.