பத்து மணிக்கு எடுக்கிறோம்

எனக்கு என் மாமனாரைக் கண்டால் பயம். இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தூத்துக்குடியில் அவருடைய கருப்பட்டி மொத்தக்கடை இருக்கிற தெரு முழுவதற்கும் அவரைக் கண்டால் பயம்தான். சரக்கு ஏற்ற வருகிற லாரிக்காரர்கள் தெருமுனையிலேயே பாட்டை நிறுத்திவிடுவார்கள். தராசுக்கு முத்திரை பார்க்க வருகிற அதிகாரி, வாசலில் நின்று தன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டுதான் படியேறுவார். அப்படிப்பட்டவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து கிடார் வாசித்துப் பிழைக்கிறவன் நான். என் பயத்தின் அளவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பிழைப்பு என்றால் இதுதான். சென்னையில் ஓர் இசையமைப்பாளர் பாட்டுப் போட்டுவிட்டு, இந்த இடத்தில் கிடார் வேண்டும் என்று அனுப்புவார். நான் வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்து திருப்பி அனுப்புவேன். எனக்குத் தெரியாத வாத்தியம் என்றால் தெரிந்தவரைக் கூட்டிவந்து வாசிக்க வைத்து அனுப்புவேன். முன்பு கருப்பட்டி அடுக்கியிருந்த மாடி அறைதான் என் ஸ்டூடியோ. சன்னலை அடைத்து, சுவரெல்லாம் பழைய மெத்தையும் அதன்மேல் கடைச் சாக்கும் அடித்திருந்தேன். கதவைச் சாத்தினால் துறைமுகத்துக் கப்பல் ஹாரன்கூட உள்ளே வராது. (எறும்பு மட்டும் வரும். கருப்பட்டி வாசனை சுவரை விட்டுப் போவதாக இல்லை. என் கிடாருக்குள் ஒரு கூட்டுக்குடும்பமே வசித்தது.) அறையைக் கொடுக்கும்போது மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"எங்காதுல சத்தம் விழக்கூடாது, மாப்ளே."

சில வருடங்களுக்கு முன்பு அவருக்கு நெஞ்சுவலி வந்து, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "அதிர்ச்சி எதுவும் கொடுத்துவிடாதீர்கள்" என்று டாக்டர் எல்லாரையும் பொதுவாகப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அத்தையும் என் மனைவி பொன்மணியும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள், மாமா, அத்தை, பொன்மணி மூன்று பேரும் விடிந்தவுடன் பரிசோதனைக்காகத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் காரில் போயிருந்தார்கள். நான் மட்டும் வீட்டில். சென்னையிலிருந்து போன் வந்தது. பெரிய இசையமைப்பாளர். அவருடைய உதவியாளர் பேசினார். படத்தில் ஒரு பெரியவர் செத்துப்போகிறார், அந்தக் காட்சிக்குத் தெற்கத்திச் சங்கும் சேகண்டியும் அசலாக வேண்டும், மத்தியானத்துக்குள் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து சங்கும் சேகண்டியும் சேர்ந்து கேட்டால் அங்கே பிணம் கிடக்கிறது என்று அர்த்தம். 'அவனுக்குச் சங்கு ஊதியாச்சு' என்றால் ஆள் காலி என்று அர்த்தம். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷன் குடியிருக்கிற வீட்டுக்குள் அதைக் கூப்பிட்டு ஊத வைப்பதா? முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி சார்" என்று வந்தது. பயந்த சுபாவக்காரர்களின் பெரிய சிக்கல் இது. எல்லாரிடமும் பயப்படுவோம், போனில் இருக்கிறவரிடம் கொஞ்சம் கூடுதலாக.

மாமா வருவதற்குள் முடித்துவிடலாம், கதவைச் சாத்தினால் ஒரு குருவிக்கும் கேட்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஊரில் சாவு விழுந்த துட்டி வீடுகளுக்குச் சங்கு ஊதப் போகிற மாடசாமி அண்ணனைப் போனில் பிடித்தேன்.

"யாரு வீடு, தம்பி?"

"கருப்பட்டிக்கடை அண்ணாச்சி வீடு. நான் மருமவன் பேசுதேன்."

"அடப் பாவமே" என்றார். (இப்படிப்பட்ட மாமனாரிடம் மாட்டிக்கொண்டானே என்று எனக்காக இரக்கப்படுகிறார் என நினைத்தேன்.)

"பெரியவருக்கா?"

"ஆமா, பெரியவருக்குத்தான்." (படத்தில் வருகிற பெரியவர். படத்தைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.)

"எத்தன மணிக்கு எடுக்கிய?"

"பத்து மணிக்கு எடுக்கோம். பிந்திராதிய அண்ணே."

"நான் என்னைக்குத் தம்பி பிந்தி வந்திருக்கேன்?"

எங்கள் தொழிலில் எடுப்பது என்றால் பதிவு எடுப்பது. மைக் முன்னால் நிற்கிறவர்கள் நாள் முழுவதும் 'எடுக்கலாமா, எடுத்தாச்சா' என்றுதான் பேசிக்கொள்வோம். ஆனால் மாடசாமி அண்ணனுக்கு மட்டுமல்ல, ஊரில் யாருக்குமே, 'எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்' என்றால் ஒன்றே ஒன்றுதான். பிணத்தை வீட்டிலிருந்து எடுக்கிற நேரம். விளாத்திகுளத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

சொன்னதுபோல நேரத்துக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் சங்கும் சேகண்டியும் போட்ட துணிப்பை. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கூட்டத்தையே காணும்?"

"கூட்டம் வேண்டாம்னுதான் அண்ணே இந்த நேரமா பாத்தேன்."

"அண்ணாச்சிய எங்க?"

"ஆஸ்பத்திரியில இருக்காவ. பதினோரு மணிபோல வந்துருவாவ."

"அப்பம் பத்து மணிக்கு எப்படித் தம்பி எடுப்பிய?"

"அவிய வாரதுக்கு முந்தியே எடுத்துரணும் அண்ணே. வந்தபொறவு எடுக்க முடியாது."

மாடசாமி அண்ணன் என்னை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இப்போது எனக்குப் பொருள் தெரிகிறது. மாமனாரை ஊருக்குத் தெரியாமல் அடக்கம் செய்யப் பார்க்கும் மருமகனைப் பார்க்கிற பார்வை அது.

மாடிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். போனில் வருகிற இரைச்சல் பதிவில் விழாமலிருக்க அதையும் அணைத்தேன். மைக்கைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ விளங்கிய மாதிரி இருந்தது. "வெளியூருல இருக்கவியளுக்கு அனுப்பவா?" என்றார். இப்போதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வரமுடியாத பிள்ளைகளுக்குச் சாவைப் போனில் காட்டுகிறார்கள் அல்லவா, அந்தக் கணக்கு.

"ஆமாண்ணே. மெட்ராசுல இருக்காரு. மத்தியானத்துக்குள்ள அனுப்பணும்."

"வர முடியலியோ?"

"அவருக்கு ஏது அண்ணே நேரம்? பயங்கர வேல."

"என்ன பெரிய வேல" என்று முனகிக்கொண்டு சங்கை எடுத்தார்.

முதல் தடவை ஊதினார். மூடிய அறைக்குள், ஹெட்போன் வழியாக, அந்தச் சத்தம் என் மண்டைக்குள்ளிருந்தே வந்தது. கீழே கார் கதவு திறக்கிற மாதிரி ஒரு பிரமை. ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தீட்டினேன். ஒன்றுமில்லை. மாட்டினேன். மறுபடி பிரமை. இப்படிக் கழற்றியும் மாட்டியும் பாதி நேரம் போயிற்று. மீதி நேரத்தைச் சுருதி தின்றது.

"அண்ணே, கொஞ்சம் சுருதி ஏத்தி ஊத முடியுமா?"

"சங்குக்கு ஏது தம்பி சுருதி? இதுவரைக்கும் ஒருத்தரும் எந்திச்சு உக்காந்து குத்தஞ் சொன்னதில்ல."

"சரிண்ணே, இன்னொரு தடவ எடுத்துருவோம்."

"ஒரு ஆள எத்தன தடவதான் எடுப்பிய?" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

கீழே நடந்ததெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வரும் வழியில் டீக்கடையில் நின்ற மாடசாமி அண்ணன், "கருப்பட்டிக்கடை அண்ணாச்சிய பத்து மணிக்கு எடுக்காவளாம்" என்று சொல்லியிருக்கிறார். டீக்கடைக்காரர் மாமாவைப் போனில் அழைத்திருக்கிறார். ஸ்கேன் எடுப்பதற்காக அதை அணைத்திருந்தார்கள். பொன்மணியின் போன் வழக்கம்போல் கைப்பையின் அடியில் ஊமையாகக் கிடந்தது. அத்தை போன் வைத்துக்கொள்வதில்லை. என் போனும் அணைந்திருந்தது. ஒரு குடும்பத்தில் ஒருவர்கூடப் போனை எடுக்காவிட்டால் அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? தெருவில் கடைகளை அடைத்துவிட்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள், மாடிக்குக் கேட்கவில்லை. ஆறுமுகநேரியிலிருந்து மாமாவின் தங்கை காரில் புறப்பட்டுவிட்டார்.

பதிவு முடிந்தது. ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, மாமா வருவதற்குள் மாடசாமி அண்ணனை அனுப்பிவிடும் அவசரத்தில் படியிறங்கி வாசல் கதவைத் திறந்தேன்.

தெரு நிறைய ஆட்கள். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ரோஜாமாலைகள். வாசலை ஒட்டி ஒரு வண்டியிலிருந்து நாலு பேர் ஐஸ்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறுமுகநேரிச் சின்னத்தை ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டார்.

"மாப்ளே! எங்க அண்ணன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாவளே!"

நீங்கள் சிரிப்பீர்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். ஆனால் அந்த நிமிடத்தில், இது என் வாயிலிருந்து கிளம்பிய செய்திதான் சுற்றிக்கொண்டு வந்து என்னிடமே நிற்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? மாமா போனது ஆஸ்பத்திரிக்கு. என் போன் அணைந்திருந்தது. ஊரே அழுகிறது. மாமா செத்துப்போய்விட்டார். அவர் அங்கே உயிருக்குப் போராடிய நேரத்தில் நான் இங்கே அவர் வீட்டுக்குள் சங்கு ஊத வைத்திருக்கிறேன். அதுவும் ஒரு தடவை இல்லை, சுருதி சரியில்லை என்று திரும்பத் திரும்ப. அப்படியே வாசற்படியில் விழுந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. அந்த ஆளிடம் எனக்கு இருந்தது பயம் மட்டும் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வாய்விட்டு அழுதேன்.

"மாமா! நான்தான் மாமா உங்களுக்குச் சங்கு ஊதுனேன்!"

கூட்டம் ஒரு கணம் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தது. பின்னால் நின்ற மாடசாமி அண்ணன், மருமகனுக்கு இவ்வளவு பாசமா என்று மனம் இளகி, யாரும் கேட்காமலே சங்கை எடுத்து நீளமாக ஊதினார்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மாமாவின் கார் திரும்பியது.

காருக்குள் இருந்தவர்கள் பார்த்தது என்ன? தங்கள் வீட்டு வாசலில் கூட்டம், மாலை, ஐஸ்பெட்டி, சங்குச் சத்தம். வீட்டில் விட்டுவிட்டுப் போனது ஒரே ஒரு ஆளை. "ஐயோ, என்னங்க!" என்று பொன்மணி வீரிட்டது தெருவெல்லாம் கேட்டது. கார் நிற்பதற்குள் கதவு திறந்தது. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் ஓடிவந்தார். செத்தவர் எதிரே ஓடிவருவதைக் கண்ட கூட்டம் பிளந்து வழிவிட்டது. ஐஸ்பெட்டிக்காரர்கள் பெட்டியைத் தொப்பென்று போட்டார்கள்.

"ஏலே முருகேசா! ஏ மக்கா! போயிட்டியேலே!"

கல்யாணமான நாளிலிருந்து 'மாப்ளே' தவிர வேறு வார்த்தை சொல்லாதவர். அவர் கண்ணில் தண்ணீரை அன்றுதான் பார்த்தேன். என்னருகே வந்தார். நான் தலையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினோம்.

"நீரு சாவலியா?"

"நீங்க சாவலியா, மாமா?"

அவர் கை நெஞ்சுக்குப் போனது. எனக்கு இரண்டாவது முறையாக உயிர் போனது. நல்லவேளை, தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கத்தான் போயிருக்கிறது. துடைத்து முடித்தபோது பழைய முகம் திரும்பிவிட்டது. மாடசாமி அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"தம்பிதான் அண்ணாச்சி பத்து மணிக்கு எடுக்கோம்னாரு."

தெரு முழுவதும் என்னைப் பார்த்தது. நான் ஹெட்போனைப் பார்த்தேன். மாமா ஐஸ்பெட்டியைச் சுற்றிவந்து, நீள அகலம் பார்த்துவிட்டு, "எனக்கு இது பத்தாதேவே" என்றார். பிறகு அத்தையிடம் திரும்பி, "வந்தவியளுக்கெல்லாம் காப்பி போடு. சாவு வீட்டுலதான் அடுப்பு மூட்டக் கூடாது" என்றார். சின்னத்தை கையிலிருந்த ரோஜாமாலையாலேயே என்னை நாலு சாத்து சாத்தினார்.

சாயங்காலம் சென்னையிலிருந்து உதவியாளர் போன் செய்தார். சங்கு வேண்டாமாம். கதையை மாற்றிவிட்டார்கள். அந்தப் பெரியவர் சாகவில்லையாம்.

என்னை வீட்டை விட்டுத் துரத்துவார் என்று வாரக்கணக்கில் பயந்துகொண்டிருந்தேன். துரத்தவில்லை. 'முருகேசா' என்றும் அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. ஆனால் இன்றுவரை நான் மாடியேறினால் கீழேயிருந்து குரல் வரும். "மாப்ளே, இன்னைக்கு எத்தன மணிக்கு எடுக்கிய?" நேரத்தைச் சொல்வேன். உடனே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் போட்டு, தெருவில் போகிற எல்லாரும் பார்க்கிற மாதிரி பேப்பரை விரித்து உட்கார்ந்துகொள்வார். பதிவு முடிகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். நானும் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டி, அவர் தலை அசைகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன்.

போன வாரம் அப்படி எட்டிப் பார்த்தபோது, துணிப்பையோடு போய்க்கொண்டிருந்த மாடசாமி அண்ணன் நாற்காலியைக் கண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, மேல எடுக்காவளோ?"

மாமா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீரு போவும்வே. இன்னைக்கு வெறும் கிடார்தான்."