எண்பத்து நான்காவது வரிசை

செவ்வாய்க்கிழமை காலை வெர்னா டிராயரைத் திறந்து, தான் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரின் முதுகுப் பகுதியை எடுத்தபோது, அது திங்கட்கிழமை இருந்ததைவிட வளர்ந்திருந்தது.

மர லாரி ஒன்று மரமில்லின் எடைமேடையில் ஏறி நின்றது. எடையைக் குறித்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்து, டிரைவரை அனுப்பிவிட்டு வரிசைகளை எண்ணினாள். தொண்ணூற்றாறு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினாள். தொண்ணூற்றாறுதான்.

நேற்று மூன்று மணிக்கு ஊசியைக் கீழே வைக்கும்போது எண்பத்து நான்கு. வாய்க்கணக்கு இல்லை, எழுத்தில் இருந்தது. அதுவரை துண்டுக் காகிதத்தில்தான் எழுதிவந்தாள். கதவைத் திறந்தால் ஜனவரிக் காற்று அதை ஆற்றுக்கே கொண்டுபோய்விடும். அதனால் நேற்றிலிருந்து ஷிப்டு நோட்டிலேயே எழுத ஆரம்பித்திருந்தாள். "வடக்குப் படியில் பனி பாதி அள்ளியது. பிரிண்டரில் மை குறைவு. முதுகு 84 வரிசை, அக்குள் வர 120 வேணும்."

மூன்று வரிக்கும் பக்கத்தில் லாயிட் டிக் போட்டிருந்தான். இரண்டாவது ஷிப்டுக்காரன். எதைப் பார்த்தாலும் டிக் போடுவான். அந்த மரமில்லில் முதல் ஷிப்டு விட்ட இடத்தில் அடுத்த ஷிப்டு பிடிக்க வேண்டும், கேள்வி கிடையாது. வெர்னாவும் லாயிடும் பதினோரு வருடமாகக் கதவருகில் சாவியை மாற்றிக்கொள்கிறார்கள். அவள் "குளிர்" என்பாள். அவன் "குளிர்" என்பான். கோடையில் அதுவும் இல்லை.

வெர்னா பன்னிரண்டு வரிசையைப் பிரித்தாள்.

இருபத்திரண்டு வருடம் தரம்பிரிக்கும் லைனில் நின்று, ஈரப் பலகையைத் தூக்கித் தூக்கி அடுக்கியதில் அவளுடைய இரண்டு முட்டியும் போயிருந்தன. அதற்குப் பிறகு கிடைத்ததுதான் இந்த எடைமேடை அறையும் நாற்காலியும். இரண்டு லாரிக்கு நடுவில் இருபது நிமிடம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது அலுத்துப்போய் நாலு வருடத்துக்கு முன்பு பின்ன ஆரம்பித்தாள்.

இதுவரை ஆறு ஸ்வெட்டர், எல்லாம் கணவன் க்ளேட்டனுக்கு. முதலாவது அவன் முழங்கால்வரை வந்தது. அதை விறகுக் குவியல்மேல் போர்த்தினார்கள். இரண்டாவதின் கழுத்தில் அவன் தலை மாட்டிக்கொண்டு, கத்தரிக்கோல் வைத்து ஆளை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவதின் ஒரு கையைப் பூனை எடுத்துக்கொண்டது. நாலாவதை வெந்நீரில் துவைத்ததில் மொத்த ஸ்வெட்டருமே பூனைக்குச் சரியாக வந்தது. ஐந்தும் ஆறும் மனித உருவத்துக்குப் பக்கத்தில் வந்தன. பூனைக்குப் பயந்துதான் ஏழாவதை வேலையிடத்து டிராயரிலேயே வைத்திருந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மான்கறியைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை வரிசை முடிச்சேன்னு நேத்து உங்கிட்ட சொன்னேனா?"

"சொல்லியிருப்பே. நான் கேட்டிருக்க மாட்டேன்."

"பன்னெண்டு வரிசை கூட இருக்கு, க்ளேட்டன். நான் பின்னினதே ஞாபகம் இல்ல."

"போன வாரம் கார் சாவிய ஃபிரிட்ஜ்ல வச்சது ஞாபகம் இருக்கா?"

"வெண்ணெய் வைக்கும்போது சாவியும் கையில இருந்துச்சு. அதான்."

"உங்கம்மாவும் எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருந்தாங்க."

சொன்ன பிறகுதான் க்ளேட்டனுக்கு உறைத்தது. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். வெர்னாவின் அம்மா பனி பூட்சை அடுப்புக்குள் வைத்து, முக்கால் மணி நேரம் வேகவைத்து, தட்டில் எடுத்து வைத்தபோது வயது அறுபத்தொன்று. வெர்னாவுக்கு நவம்பரில் அறுபத்தொன்று முடிந்திருந்தது.

அன்று மதியமே நோட்டில் தெளிவாக எழுதி வைத்திருந்தாள், தன் மூளைக்கு ஒரு கடிவாளமாக: "முதுகு 100 வரிசை. கீழ்ப்பக்கம் தளர்வு. இறுக்கிப் பின்னணும்."

புதன்கிழமை நூற்றிருபது வரிசை இருந்தது. கடைசி இருபதும் எவ்வளவு இறுக்கம் என்றால், மேசையில் நிறுத்தி வைத்தால் நின்றது. ஊசியை நுழைக்க முடியாமல் வெர்னா பேனாக் கத்தியை எடுத்தாள். பிறகு பயந்துபோய் உள்ளே வைத்துவிட்டாள். மூன்று மணிக்கு எழுதினாள்: "120. ரொம்ப இறுக்கம். தளர்த்திப் பின்னணும்."

வியாழக்கிழமை நூற்று நாற்பது. கடைசி இருபது வரிசையில் மீன் பிடிக்கலாம்.

அன்று ஷிப்டு முடிந்ததும் அதைப் பையில் போட்டுக்கொண்டு பெர்ல் நடத்தும் நூல் கடைக்குப் போனாள். பெர்ல் மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி வைத்திருப்பவள். நெற்றிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"இந்தக் கீழ்ப்பாகம் யாரு பின்னினது?"

"நான்தான்."

"இது?"

"அதுவும் நான்தான்."

"இந்தச் சல்லடை?"

"நானாத்தான் இருக்கணும்."

பெர்ல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "பின்னுற கை கையெழுத்து மாதிரி வெர்னா. மாறவே மாறாது. எங்க அக்காவுக்கு மட்டும் மாறுச்சு."

"அப்புறம் என்னாச்சு?"

"என்ன ஆகும், முதியோர் இல்லத்துல கொண்டு விட்டோம். போன வாரம் என்னைப் பார்த்து, தபால்காரரேன்னு கூப்பிட்டா. நூல் ஏதாவது வேணுமா?"

வெர்னாவுக்கு நூல் வேண்டாம். வீட்டுக்கு வந்து பெருக்கல் வாய்ப்பாட்டைப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை சொல்லிப் பார்த்தாள். சரியாக வந்தது. க்ளேட்டன் கவர்னர் பேரைக் கேட்டான். அது வரவில்லை. ஆனால் அது முன்பும் தெரியாது.

வெள்ளிக்கிழமை முதுகை டிராயரில் திரும்ப வைத்தாள். இனி ஒட்டுப்போட முடியாது, முதலிலிருந்து தொடங்கினால்தான் கை பழைய வழிக்கு வரும் என்று தீர்மானித்தாள். அன்று லாரி அதிகம். திங்கட்கிழமை பிரித்துக்கொள்ளலாம் என்று நோட்டில் குறித்தாள்: "கதவுக் கீலுக்கு எண்ணெய். முதுகு முழுசும் பிரிக்கணும்."

திங்கட்கிழமை டிராயரைத் திறந்தாள். முதுகு இல்லை. அந்த இடத்தில் ஐந்து நூல் உருண்டைகள், அளவு பிசகாமல், கடையில் அடுக்கியதுபோல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூன்று வார வேலை.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இரண்டாம் முறை அடித்த பிறகுதான் அவள் எழுந்தாள். அவனுடைய எடையை மூன்று தடவை சரிபார்த்தாள்.

"என்ன வெர்னா, என் லாரி இளைச்சிருச்சா?" என்றான் அவன்.

மூன்று மணி ஆனதும் சூப்பர்வைசர் ஷெர்மனின் அறைக்குப் போனாள். அவனுக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்தே அவளுக்கு அவனைத் தெரியும்.

"ஷெர்மன், என்னைத் திரும்பத் தரம்பிரிக்கிற லைனுக்கே போட்டுடு."

ஷெர்மன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். "உங்க முட்டிக்கா? ரெண்டு நாள் தாங்காது."

"முட்டி போனா நொண்டிட்டுப் போறேன். அங்க பலகையத் தூக்கிப் போட்டாப் போதும், எதையும் எண்ண வேண்டாம். இங்க எனக்குக் கணக்கு நிக்கல."

"ஒரு எடைகூடத் தப்பானதில்லையே?"

"இதுவரைக்கும் இல்ல. நான் செய்யறது எனக்கே தெரியல ஷெர்மன். வெள்ளிக்கிழமை மூணு வாரப் பின்னலைப் பிரிச்சு உருண்டை சுத்தி வச்சிருக்கேன், எள்ளளவும் ஞாபகம் இல்ல. நாளைக்கு ஒருத்தன் லோடுல ஒரு டன்ன விட்டுட்டா? காட்டுல விறைச்சுக் கிடந்து வெட்டிட்டு வர்றவன் வயித்துல அடிக்கச் சொல்றியா?"

ஷெர்மன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "டாக்டரப் பார்த்தீங்களா?"

"அம்மாவப் பார்த்திருக்கேன். போதும்."

அவள் எடைமேடை அறைச் சாவியை மேசைமேல் வைத்தாள். அந்த நாற்காலியில் அவள் தைத்துப் போட்ட மெத்தை இருந்தது. அதை எடுத்துக்கொள்ளலாமா, அடுத்து வருகிறவருக்கு விட்டுவிடலாமா என்று யோசித்தாள்.

அப்போது லாயிட் சாவிக்காக உள்ளே வந்தான். புத்தாண்டன்று மனைவியின் உத்தரவுப்படி சிகரெட்டை விட்டவன். அன்றிலிருந்து வாயில் எந்நேரமும் சூயிங்கம். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையில் விடுவதும் எடுப்பதுமாக இருந்தான்.

"குளிர்" என்றான்.

வெர்னா மேசைமேல் இருந்த சாவியை அவன் பக்கம் தள்ளினாள்.

"வெர்னா திரும்ப லைனுக்குப் போறேங்கறாங்க" என்றான் ஷெர்மன். "நாளையிலேர்ந்து பகல் ஷிப்டுக்கு வேற ஆளு."

லாயிட் சூயிங்கத்தை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். மேசையிலிருந்து சாவியை எடுத்தான். கதவுவரை போய்த் திரும்பினான். பதினோரு வருடத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"போறதா இருந்தா போ, ஆனா நோட்டுல முடிவா ஒண்ணு எழுதிட்டுப் போ: இறுக்கிப் பின்னணுமா, தளர்த்திப் பின்னணுமா?"