மாப்பிள்ளை தந்த லேப்டாப்பும் மேசைக்கு அடியில் மாமனாரும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் பணிவன்புடன் எழுதுவது.

நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் நலம். மற்ற அளவுகளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தவுடன் நீங்கள் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மாமா?” என்று ஆரம்பித்துவிடுவீர்கள். காகிதத்தை ரீஸ்டார்ட் செய்யச் சொல்ல யாராலும் முடியாது. அது என்னிடம் பாஸ்வேர்டும் கேட்காது.

போன முறை வந்தபோது உங்கள் பழைய லேப்டாப்பை எங்களுக்குக் கொடுத்தீர்கள். பெரிய மனசு. “பழைய சிஸ்டம் இழுக்குது மாமா, லினக்ஸ்னு வேற சிஸ்டம் இருக்கு, அதப் போட்டுக்கோங்க, எல்லாம் இதுல இருக்கு, ரொம்ப ஈஸி” என்று ஒரு பென் டிரைவை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டீர்கள். நான் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு லிப்டைத் திறந்து போட்டுவிட்டு நான் ஒரு நாளும் ரயிலுக்குப் போனதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பிரசவ வார்டு நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து உங்கள் அத்தைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரே அலமாரியைத் திரும்பத் திரும்ப அடுக்குவாள். நான் உட்கார்ந்தால் நாடி பிடித்துப் பார்ப்பாள், எழுந்தால் தலை சுற்றுகிறதா என்று கேட்பாள், தும்மினால் போச்சு. இந்த நிலைமையில் ஏதோ ஒரு கம்பெனியில், புதிதாகக் குழந்தை பெற்ற பெண்களுக்கு வீடியோவில் சந்தேகம் தீர்க்க அனுபவமுள்ள நர்ஸ் தேவை, வீட்டிலிருந்தே வேலை என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். இவள் எனக்குக்கூடச் சொல்லாமல் விண்ணப்பம் போட்டு, வியாழக்கிழமை காலையில் இன்டர்வியூ என்று பதில் வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். “கெடைக்கலைன்னா அசிங்கம், பொண்ணுகிட்ட மூச்சு விடாதீங்க” என்றாள். இன்டர்வியூவுக்குப் போடப்போகும் உடுப்பைத் திங்கட்கிழமையே தேய்த்துக் கதவில் மாட்டிவிட்டாள். நான் அதை நகர்த்தித்தான் குளிக்கப் போக வேண்டியிருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு களையைப் பார்த்து நாளாகிவிட்டது. அதனால், “கம்ப்யூட்டர் பக்கத்த எங்கிட்ட விட்டுடு” என்று மார்தட்டிச் சொன்னேன். இனிமேல் நடந்ததெல்லாம் அந்த மார்தட்டலின் பலன்.

நீங்கள் போனில் சொன்னபடி பென் டிரைவைச் செருகி, பவர் பொத்தானை அழுத்தி, எஃப் பன்னிரண்டு என்ற கீயைத் தட்டினேன். ஒரு தட்டுக்கு அது மசியவில்லை. மரங்கொத்தி மாதிரி விடாமல் தட்டிய பிறகுதான் வழிக்கு வந்து, லினக்ஸின் சின்னமான ஒரு பென்குயினைக் காட்டி, அழகான திரை ஒன்றைத் திறந்தது. இவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியம். பின்னணிக்கு உங்கள் கல்யாணப் படத்தைப் போட்டேன், எழுத்தைப் பெரிதாக்கினேன், உங்கள் அத்தை உட்கார்ந்து இன்டர்வியூவில் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒற்றை விரலால் இரண்டு பக்கம் அடித்துச் சேமித்தாள். மறுநாள் திறந்தால் கல்யாணமும் இல்லை, பக்கமும் இல்லை, எல்லாம் பிறந்த மேனிக்கு இருந்தது. “என்னத்தத் தொட்டீங்க?” என்றாள். தொடவே இல்லை என்றேன். மறுபடியும் கல்யாணம், மறுபடியும் இரண்டு பக்கம். வேலைதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு வாலை நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று பென் டிரைவைப் பிடுங்கினேன். திரை கல்லாய்ச் சமைந்தது. உங்களுக்குப் போன் செய்தால், “மாமா, நீங்க இன்ஸ்டாலே பண்ணல. அத பென் டிரைவ்லேருந்தே டிரை பண்ணிட்டு இருக்கீங்க” என்று சிரித்தீர்கள். துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அலமாரியில் தேடுகிற ஆள் நான் என்று அப்போதுதான் புரிந்தது. நீங்கள் சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது, உங்கள் அத்தையும் கேட்டாள், அதுதான்.

சரி, இந்தத் தடவை முறைப்படி இன்ஸ்டால் என்று அழுத்தினால், பாதி வழியில் நிறுத்தி, இந்த டிஸ்கில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று கேட்டது. எல்லாவற்றையும் என்றால் என்ன அர்த்தம்? உங்கள் ஆபீஸ் ரகசியம் ஏதாவது உள்ளே இருந்து, நான் அழித்து, உங்கள் வேலை போய், என் மகள் தெருவில் நிற்பது வரைக்கும் கண்முன்னால் வந்தது. உங்களைக் கேட்டேன். “மீட்டிங்ல இருக்கேன் மாமா, அழிச்சிடுங்க” என்று கிசுகிசுத்தீர்கள். அப்படியும் எனக்குக் கை வரவில்லை. விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றேன். உங்கள் அத்தை வந்து, “பிரசவ ரூம்ல இப்படி நின்னா கொழந்த உள்ளேயே காலேஜ் முடிச்சிடும்” என்று என் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்திவிட்டாள். அழிந்தது. லினக்ஸ் பிறந்தது. தாயும் சேயும் நலம் என்று அவளே அறிவித்தாள்.

ஆனால் சேய்க்கு வைஃபை தெரியவில்லை. வைஃபையை ஓட்ட டிரைவர் என்று ஒரு புரோகிராம் வேண்டுமாம், அது இல்லை என்றீர்கள். அந்த டிரைவரை எங்கே பிடிப்பது என்றால், இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்ளலாம் என்றீர்கள். இன்டர்நெட் இல்லாததற்குத்தானே மாப்பிள்ளை டிரைவரைத் தேடுகிறோம்? லிப்ட் ரூம் சாவியை லிப்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை இது. பிறகு நீங்களே மனமிரங்கி, போனையும் லேப்டாப்பையும் கேபிளால் இணைத்தால் போனின் இன்டர்நெட் இதற்கு வரும் என்று வழி சொன்னீர்கள். வந்தது. அடுத்து, டிரைவரை இறக்க, கறுப்புத் திரையைத் திறந்து, சூடோ என்று ஆரம்பிக்கும் ஒரு வரியை அடிக்கச் சொன்னீர்கள். பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தேன், ஒரு எழுத்தும் திரையில் விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவு செய்து, திருப்புளி கொண்டு பின்பக்கத்தைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டி, மறுபடி பூட்டி அடித்தால், அப்போதும் விழவில்லை. பாஸ்வேர்ட் கண்ணுக்குத் தெரியாமல் விழுவதுதான் அங்கே வழக்கமாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு திருகாணி மிச்சமாகியிருக்காது. அதைப் பத்திரமாகத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், எந்த இடத்துத் திருகாணி என்று நீங்கள் வந்து சொல்லலாம்.

கண்ணை மூடிக்கொண்டு பாஸ்வேர்டை அடித்து முடித்தால், இந்த வேலைக்கு அனுமதி பெற்றவர்கள் வரிசையில் நீங்கள் இல்லை, இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும் என்று வந்தது. மாப்பிள்ளை, வேலை பார்த்த காலத்தில் என் மேல் ஒரு மெமோகூடக் கிடையாது. சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு நான் சம்பவம் செய்துவிட்டேனாம். “யாருகிட்டடி புகார் போகும்?” என்று உங்கள் அத்தையைக் கேட்டேன். “யாரு வந்து கேட்டாலும், நான் நர்ஸ், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுவேன்” என்றாள். அழைப்பு மணி அடித்தது. நான் லேப்டாப்மேல் துண்டைப் போட்டு மூடினேன். வந்தது கீழ்வீட்டில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர், தண்ணீர் வருகிறதா என்று கேட்க. அதற்குள் நான் வேர்த்து நனைந்துவிட்டேன். அந்த இயந்திரத்துக்கு ஓர் எஜமான் பாஸ்வேர்ட் தனியாக உண்டு என்பதை நீங்கள் அப்புறம்தான் சொன்னீர்கள். அதைப் போட்டும் வைஃபை வரவில்லை, போன் கேபிளே கதி என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் கேமராவைத் திறந்தால் கும்மிருட்டு. உங்களிடம் கேட்டு ஒவ்வொரு வரியாக அடித்தேன். கேமரா இருக்கிறது, நலமாக இருக்கிறது என்றுதான் எல்லா வரியும் சொன்னது. படம் மட்டும் இல்லை. நான் நொந்துபோய் உட்கார்ந்திருந்தபோது உங்கள் அத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். திரைக்கு மேலே, கேமராமேல், எறும்பளவு மூடி ஒன்று இருக்கிறது. அதை நகத்தால் தள்ளினாள். எங்கள் இரண்டு பேர் முகமும் பளிச்சென்று வந்தது. “கதவு சாத்தியிருந்துச்சுங்க” என்றாள். லிப்ட் நின்றால் முதலில் கதவைப் பாரு என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்! அந்தக் கதவை யார் சாத்தியது என்று நான் ஆராயவில்லை. எங்களுக்கு முன் அந்த லேப்டாப்பை வைத்திருந்தவர் ஒரே ஒருவர் என்பதை மட்டும் மரியாதையுடன் குறிப்பிடுகிறேன்.

வியாழக்கிழமை. உடுப்பைப் போட்டுக்கொண்டு, தலையை வாரி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரே திரையில் இரண்டு பெண்கள், வணக்கம் சொல்லி முதல் கேள்வி கேட்டார்கள். படம் உறைந்தது. போன் கேபிள் லூஸ். லேசாக அழுத்திப் பிடித்தால் ஓடியது, கையை விட்டால் நின்றது. வேறு வழியில்லை, போனோடு மேசைக்கு அடியில் புகுந்து, முழங்காலை மடக்கி, கேபிளை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் கண்முன் அவள் வீட்டுச் செருப்பு மட்டும். மேலே அவள் குரல் மட்டும். அந்தப் பெண்களில் ஒருத்தி கேட்டாள்: “விடியக்காலைல ஒரு அம்மா அழுதுகிட்டே கூப்பிடுறாங்க. கொழந்த பால் குடிக்க மாட்டேங்குது, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு சொல்றாங்க. என்ன சொல்வீங்க?”

உங்கள் அத்தை ஒற்றை விரலால் அடித்த இரண்டு பக்கத்தில் இதற்குப் பதில் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் அவள், அந்த அழுகிற பெண்ணே எதிரில் இருப்பதுபோல, “மொதல்ல நீங்க ஒரு தம்ளர் தண்ணி குடிங்கம்மா. நான் லைன்லயே இருக்கேன். லாயக்கில்லாதவங்க இந்நேரம் தூங்கிட்டிருப்பாங்க, நீங்க முழிச்சிக்கிட்டு இருக்கீங்க பாருங்க. குடிச்சாச்சா? இப்ப கொழந்தைய எனக்குக் காட்டுங்க, ரெண்டு பேருமா பாப்போம்” என்றாள். மாப்பிள்ளை, நான் வார்டு வாசலில் ஸ்கூட்டரோடு எத்தனையோ வருஷம் காத்திருந்திருக்கிறேன். உள்ளே அவள் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை இல்லை, கையில் கேபிள். அந்த நேரம் பார்த்து இடது கால் நரம்பு சுருட்டி இழுத்தது. “ஐயோ!” என்று அலறிவிட்டேன். “என்ன சத்தம்?” என்றார்கள். “ஒண்ணுமில்ல மேடம், டெக்னீஷியன் வேல பாக்குறாரு” என்றாள் அவள், குரலில் ஒரு பிசிறில்லாமல், செருப்புக் காலால் என் தோளைத் தட்டிக்கொடுத்தபடி.

வேலை கிடைத்துவிட்டது. நேற்றுப் பதில் வந்தது. என் மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், ஆனால் நான் சொன்னதாக வேண்டாம், அத்தையே சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல வருவது வேறு. தயவு செய்து அடுத்த முறை வரும்போது இந்த லேப்டாப்பையும் பென்குயினையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். உங்கள் அத்தைக்குக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறேன். இந்த வயதில் எனக்கு நிம்மதி வேண்டும். இனி ஜென்மத்துக்கும் லினக்ஸைத் தொடமாட்டேன் என்று உங்கள் அத்தை முன்னால் சொல்லிவிட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி, நெட்வொர்க் குறையின்றி, நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அத்தை எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு மாமா கீழே போனார். பல் டாக்டரின் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதாம். “பழசு இழுக்கத்தான் செய்யும் டாக்டர், லினக்ஸ் போட்டுடலாம்” என்று இவர் சொல்வது மாடி வரைக்கும் கேட்டது. இப்போது அது நம் சமையலறையில் குடல் வேறு கூடு வேறாகக் கிடக்கிறது. நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் அதற்குள்தானாம், யாருக்கு எப்போது நேரம் கொடுத்தோம் என்று டாக்டருக்குத் தெரியவில்லை, படிக்கட்டு முழுக்க வீங்கிய கன்னங்கள். இவர் விசிலடித்துக்கொண்டு எஃப் பன்னிரண்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார். லேப்டாப் எனக்கு ராசியாக இருக்கிறது, அது இங்கேயே இருக்கட்டும். நீங்கள் வரும்போது இவரை எடுத்துக்கொண்டு போங்கள்.