மாநாட்டு அம்மாமார்களுக்கு நான் கோட்டை காட்டிய கதை

"தெரியாது" என்ற வார்த்தையைச் சொல்ல எனக்கு இருபது வயது வரைக்கும் தெரியாது. யார் என்ன கேட்டாலும் முதலில் தலை ஆடிவிடும். அப்புறம்தான் கேள்வி காதில் விழும். இந்த வியாதியால் நான் பட்ட பாடுகள் நிறைய. அதில் பெரியது ரஞ்சன்குடி கோட்டையில் பட்டது.

யுத்த காலம் அது. வரதராசன்பேட்டையிலிருந்து பெரம்பலூருக்கு வந்து, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா ஒரு வருஷம் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் வேலை நிரந்தரம் ஆகாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, அவர் காட்டுகிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். நிரந்தரம் ஆவதோ பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரின் கையெழுத்தில் இருந்தது. அவரை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். என் வகுப்புக்குள் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு பிள்ளையின் சிலேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, மூக்கால் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போனார். அந்த மூச்சு என் கனவில் ஒரு மாதம் வந்தது.

அந்த வருஷம் ஆசிரியர் மாநாடு பெரம்பலூரில் நடந்தது. அரியலூர் வரைக்கும் ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் பெரும்பாலோர் வந்து இறங்கினார்கள். வாத்தியார்கள் தனியாக வரவில்லை. திருச்சி, துறையூர், லால்குடிப் பக்கத்துக்காரர்கள் சிலர் வீட்டம்மாக்களையும் கூட்டி வந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் பகல் முழுக்க ஆண்கள் கொட்டகையில் தீர்மானம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதுவரை இந்த அம்மாமார்களை என்ன செய்வது? வாலிகண்டபுரம் கோயிலையும் ரஞ்சன்குடி கோட்டையையும் சுற்றிக் காட்டுவது என்று எங்கள் ஹெட்மாஸ்டர் ஏற்பாடு செய்தார். கூட்டிக்கொண்டு போக ஒரு பெண் வேண்டும். என்னைக் கூப்பிட்டார்.

"செசிலி, அந்த ரெண்டு இடமும் தெரியுமில்ல?"

என் தலை ஆடிவிட்டது. "நல்லாத் தெரியும் சார்."

(இரண்டையும் நான் பஸ் ஜன்னலில்கூடப் பார்த்ததில்லை. பெரம்பலூருக்கு வடக்கே ஒரு அடி வைத்ததில்லை.)

அவர் நிம்மதியாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் மெதுவாக, கோமதி அம்மாளும் வருகிறார் என்றார். கோமதி அம்மாள் யார் என்று கேட்டேன். இன்ஸ்பெக்டரின் மனைவி என்றார். அந்த மூக்கு மூச்சு எனக்கு மறுபடி கேட்டது.

மறுநாள் காலையில் பஸ் வந்து நின்றது. பெட்ரோலுக்குப் பஞ்சமான நாளானதால் அது கரியில் ஓடுகிற பஸ். பின்பக்கம் ஒரு அடுப்பு இருக்கும். கரியைக் கொட்டிக் கொளுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதி, கால் மணி நேரம் கழித்து மனது வைத்தால் கிளம்பும். டிரைவர் காதர் பாய் அந்தச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, நான் தலைகளை எண்ணினேன். பதினொன்று. அன்று பகல் முழுக்க நான் எண்ணிய எண்ணிக்கைக்குக் கணக்கே இல்லை.

அவர்களில் துறையூர் வாத்தியார் மனைவி பாக்கியம் நிமிஷத்துக்கு ஒரு கேள்வி கேட்பவர். கோமதி அம்மாள் நேர்மாறு. வெள்ளைப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. வீட்டுக்காரர் இன்ஸ்பெக்டராக இருந்தால் மனைவியும் இன்ஸ்பெக்டர்தானே? அவர் ஜன்னலைப் பார்த்தால்கூட ஜன்னல் ஏதோ தப்பு செய்துவிட்டது போல எங்களுக்குத் தோன்றியது.

வாலிகண்டபுரத்தில் தப்பித்தேன். சர்ச்சுக்குள்ளே வளர்ந்த எனக்கு அந்தச் சிவன் கோயிலில் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்றே தெரியாது. நல்லவேளையாகக் குருக்களே முன்னால் நடந்து எல்லாவற்றையும் சொன்னார். நான் பின்னால் நின்று, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது போலத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

ரஞ்சன்குடியில் குருக்கள் இல்லை. யாருமே இல்லை. உச்சி வெயிலில் ரோட்டோரம் அந்தக் கோட்டை கறுப்பாக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் அகழி, வாசலைத் தாண்டினால் உள்ளுக்குள் இன்னொரு சுவர். ஆடு மேய்க்கிறவர்கள்கூடக் கண்ணில் படவில்லை. பஸ்ஸை ரோட்டில் விட்டுவிட்டு, வழி காட்ட காதர் பாயும் கூட வந்தார். எங்கே பார்த்தாலும் இலந்தை முள்.

பாக்கியம் ஆரம்பித்தார். இதை யார் கட்டினது, இந்த மேடை எதுக்கு, இந்த ஓட்டை எதுக்கு. நான் வாயில் வந்த ராஜாவின் பெயரையெல்லாம் சொன்னேன். ஒரே சுவரை மூன்று ராஜாக்கள் கட்டினார்கள். அப்படியே போய் ஒரு இடத்தில் நின்றோம். தரையில் சதுரமாக ஒரு பள்ளம். அதிலிருந்து படிக்கட்டு இருட்டுக்குள் இறங்கியது.

"இது என்ன டீச்சர்?"

பதினொரு முகமும் என்னைப் பார்த்தது. கோமதி அம்மாளும் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் நாக்கு கட்டவிழ்ந்துகொண்டது. இங்கே ஒரு ராணியை உயிரோடு வைத்துப் பூட்டினார்கள் என்றேன். ஏன் பூட்டினார்கள் என்று பாக்கியம் கேட்டார். சந்தேகம் என்றேன். ராணி ஏழு நாள் அழுதாள், எட்டாம் நாள் சத்தம் நின்றுவிட்டது, ஆனாலும் உச்சி வெயில் நேரத்தில் இன்றைக்கும் அந்த அழுகை கேட்கும் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள் என்றேன். சொல்லச் சொல்ல என் கைமுடியே சிலிர்த்தது.

காதர் பாய் என்னைத் தனியாக ஒதுக்கி நிறுத்தினார். "டீச்சரம்மா, நான் பொறந்தது வளந்ததெல்லாம் இந்தப் பக்கந்தான். இப்படி ஒரு ராணிய நான் கேள்விப்பட்டதே இல்லியே."

"பழைய ராணி பாய்," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கரி அணைந்துவிடும் என்று சொல்லி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஒரு பழைய சுவர் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளியோதரை. இரண்டு வாய் வைத்திருப்பேன். தரைக்கு அடியிலிருந்து அது கேட்டது.

முதலில் ஒரு முனகல். பிறகு கொஞ்சம் நீண்டது. நின்றது. மறுபடி கிளம்பி, மெல்ல மேலே ஏறி, உச்சியில் போய் நடுங்கி, அப்படியே வளைந்து வளைந்து கீழே இறங்கியது. ஒரு பெண்ணின் குரல். சுவரெல்லாம் சேர்ந்து அழுவது போல இருந்தது.

யாரும் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பாக்கியம் சோற்றுக் கையோடு எழுந்தார். அடுத்தவர் எழுந்தார். அவ்வளவுதான், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தனை பேரும் வாசலைப் பார்த்து ஓடினார்கள். அறுபது வயது லால்குடி அம்மாள்தான் முதலில் வாசலைத் தாண்டினார்.

நானும் ஓடினேன். அதாவது, ஓடத்தான் பார்த்தேன். பின்னாலிருந்து யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. இழுத்தேன், விடவில்லை.  கண்ணை மூடிக்கொண்டு "அருள் நிறைந்த மரியே" சொல்ல ஆரம்பித்தேன். முதல் வரிக்கு அப்புறம் எனக்கு வந்தது ஆறாம் வாய்ப்பாடு. ஆறெட்டு நாற்பத்தெட்டு வரைக்கும் போன பிறகுதான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். இலந்தை முள். முந்தானையில் நாலு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

முள்ளை எடுத்துக்கொண்டே, வழக்கப்படி, ஓடுகிறவர்களின் தலையை எண்ணினேன். பத்து.

மறுபடி எண்ணினேன். பத்துதான். வெள்ளைப் பட்டு இல்லை.

கோமதி அம்மாளைக் காணோம். முன்னால் இரண்டு பயம் நின்றது. கீழே ராணி. பெரம்பலூரில் இன்ஸ்பெக்டர். "உங்க சம்சாரத்த ராணி கூட்டிக்கிட்டுப் போயிட்டா சார்" என்று அவரிடம் போய்ச் சொல்வதைவிட ராணியைப் பார்ப்பதே மேல் என்று எனக்குத் தோன்றியது. (ராணி நான் பெற்ற பிள்ளை என்பது அந்த நேரத்தில் எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.)

படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் குரல் பெரிதானது. வௌவால் நாற்றம். கடைசிப் படியில் கால் வைத்தபோது குரல் நின்றுவிட்டது. மேலே ஏதோ ஒரு விரிசல் வழியாக ஒரு கீற்று வெளிச்சம். அதில், ஒரு கல்லின் மேல், வெள்ளையாக ஓர் உருவம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. அது கண்ணைத் திறந்தது. என்னைப் பார்த்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டது.

"நல்லா இருந்துச்சுங்க," என்றேன். பேயிடம் வேறு என்ன சொல்வது?

"நிஜமாவா சொல்றே?"

அந்த மூக்குத்தி மின்னியதும்தான் எனக்கு உயிர் வந்தது. கோமதி அம்மாள். அவர் பாடியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவராம். வீட்டுக்காரருக்குச் சத்தம் ஆகாது, அதனால் பாடி எத்தனையோ காலமாகிவிட்டது என்றார். நிழலுக்கு இறங்கியவர் சும்மா ஒரு தடவை முனகிப் பார்த்தாராம். அறை அதைத் திருப்பிச் சொன்னதாம். அப்புறம் நிறுத்த முடியவில்லையாம். இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் சின்னப் பெண் போல இருந்தார்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். பிழைத்த சந்தோஷத்தில், "சாயங்காலம் மாநாட்டுல நீங்க பாடணுங்க," என்றேன்.

பஸ்ஸுக்குப் போனோம். மற்றவர்கள் எங்களை விட்டுவிட்டே கிளம்பிப் போயிருப்பார்கள். ஆனால் கரி அணைந்துவிட்டிருந்தது. காதர் பாய் வியர்க்க விறுவிறுக்கச் சக்கரம் சுற்ற, பத்து அம்மாமார்களும் அவரை வேகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பாக்கியம் கோமதி அம்மாளிடமே, இவ்வளவு நேரம் கோட்டைக்குள்ளேதானே இருந்தீர்கள், உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லையா என்று கேட்டுவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே," என்றார் கோமதி அம்மாள். அவர் சொன்னது உண்மைதான், தன் பாட்டைத் தவிர அவருக்கு வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவர் காதுக்கே கேட்காத பேய் என்றால் அது எப்பேர்ப்பட்ட பேய் என்று பஸ் முழுக்க வெலவெலத்துப் போயிற்று. உண்மையைச் சொல்ல எனக்கு அதுவே நேரம். இன்ஸ்பெக்டர் மனைவி எதிரில், உங்கள் பாட்டைத்தான் பேய் என்று நினைத்தார்கள் என்று எப்படிச் சொல்வேன்? படிக்கட்டில் காற்று நுழைந்தால் அப்படித்தான் சத்தம் வரும் என்று சொல்லிவிட்டுத் தலைகளை எண்ணினேன். பதினொன்று.

சாயங்காலம் கொட்டகையில் முடிவுக் கூட்டம். ஒரு பக்கம் ஆண்கள். இன்னொரு பக்கம் பெஞ்சுகளில் அம்மாமார்கள். மேடையில் இன்ஸ்பெக்டர். ஹெட்மாஸ்டர் எழுந்து, கோமதி அம்மாள் ஒரு பாட்டுப் பாட இசைந்திருக்கிறார் என்று அறிவித்தார். இன்ஸ்பெக்டர் சட்டென்று நிமிர்ந்தார். அவருக்கே தெரியாது போலிருக்கிறது. எனக்கு அப்போதுதான் என்ன நடக்கப்போகிறது என்று உறைத்தது. பாக்கியத்திடம் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன்.

அதற்குள் கோமதி அம்மாள் தொடங்கிவிட்டார். அதே முனகல். நீண்டது. நின்றது. மேலே ஏறியது.

பாக்கியம் எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "அவ நம்ம கூடவே வந்துட்டா," என்றார்.

அவ்வளவுதான். பெஞ்சு கவிழ்ந்தது. லால்குடி அம்மாள் இந்தத் தடவையும் முந்திக்கொண்டார். பத்துப் பேரும் கொட்டகைத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே போனார்கள். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துப் பின்வரிசை வாத்தியார்களும் எழுந்தார்கள். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தே இருந்ததால் மறுபடி உட்கார்ந்தார்கள்.

பாட்டு நின்றுவிட்டது. கோமதி அம்மாள் காலியான பெஞ்சுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மத்தியானம், கோட்டை, காற்று என்று ஒவ்வொன்றாக அவருக்குப் புரிவதை அவர் முகத்தில் நான் பார்த்தேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். விட்ட இடத்திலிருந்து எடுத்தார். கடைசி வரி வரைக்கும், அவசரப்படாமல், பாடி முடித்தார். இப்போது நினைத்தால் நல்ல பாட்டுதான். அன்றைக்கு எனக்கு என் பெட்டியைக் கட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

கூட்டம் முடிந்ததும் கோமதி அம்மாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்தில் இன்ஸ்பெக்டரும் நின்றார். நான் கை கட்டி நின்றேன்.

"மத்தியானம் எல்லாரும் ஓடினது என் பாட்டைக் கேட்டுத்தானே?"

வாழ்நாளில் முதல் தடவையாக என் தலை ஆடுவதற்கு முன்னால் நான் யோசித்தேன். "ஆமாங்க," என்றேன். ராணி கதையை நானே கட்டிவிட்டதையும், அதற்கு முன் அந்தக் கோட்டையைப் பார்த்ததே இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.

"நீ மட்டும் போகலியே. ஓடாம நின்னியா, ஓட முடியாம நின்னியா?"

"சேலை முள்ளுல மாட்டிக்கிச்சுங்க."

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். இன்ஸ்பெக்டர் அந்தச் சிரிப்பைப் புது மனிதரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி மூக்கால் ஒரு மூச்சு விட்டார். 

நாலு மாதத்தில் என் வேலை நிரந்தரம் ஆனது. ஆனால் தண்டனை இல்லாமல் இல்லை. அதன் பிறகு இன்ஸ்பெக்டர் பெரம்பலூருக்கு எப்போது வந்தாலும் கோமதி அம்மாளும் வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் அவர்கள் தங்குகிற பங்களாவில் நான் போய் உட்கார்ந்து மூன்று பாட்டு கேட்க வேண்டும். மூலை நாற்காலியில் இன்ஸ்பெக்டரும் உட்கார்ந்து கேட்பார். எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் எழுவது என்று எனக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை என் வீட்டுக்காரரிடம் சொல்லித் தொலைத்தேன். அதற்கப்புறம் நான் எந்த வீரத்தையும் இந்த வீட்டில் பேச முடிந்ததில்லை. மாடு முட்ட வந்தபோது அசையாமல் நின்றேன் என்று போன வாரம் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து அவர் குரல் வந்தது:

"ஓடாம நின்னியா, ஓட முடியாம நின்னியா?"