வாய்க்கால்.கீழ்மடை.தண்ணீர்

பொதுமக்கள் நலன் கருதி, எங்கள் கூடலூர் வாய்க்கால் கீழ்மடையிலிருந்த அறிவிப்புப் பலகை ஆனி மாதம் கழற்றப்பட்டது. அதில் சாக்கட்டியால் "நாளை முறைத்தண்ணீர்" என்று எழுதுவார்கள். நாங்கள் போகிற போக்கில் படித்துவிட்டு மண்வெட்டியை எடுப்போம். ஒரு சேதி இத்தனை சுலபமாகத் தெரிந்துவிடுவது நிர்வாகத்துக்கு அழகல்ல என்று பிரிவு அலுவலர் தமிழ்மாறனுக்குப் பட்டது. அப்போதுதான் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

இனிமேல் கோரிக்கையும் அறிவிப்பும் இணையச் செய்திக்குழுவில்தான் என்று உத்தரவு வந்தது.

"வாட்ஸ்அப் இருக்கே சார்?" என்றார் பேச்சிமுத்து. அவருடைய நாற்றுக்கு அன்று இருபத்தோரு நாள். தண்ணீர் வந்தால்தான் வயலைச் சேறாக்கி நடலாம். பத்து நாள் தள்ளினால் நாற்று முற்றிப்போகும்.

"வாட்ஸ்அப்ல நீங்க ரோஜாப்பூதான் அனுப்புறீங்க. இது ஒழுங்கானது. நியூஸ்ரீடர்னு ஒரு புரோகிராம். அதுல சர்வர் பேரைக் குடுத்து, குழுப் பட்டியலை இறக்கி, வேண்டிய குழுவுல சேரணும். அவ்வளவுதான்."

நெட் சென்டர் பெனிஷா அதைப் பேச்சிமுத்துவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். மூன்று மடை உள்ள வாய்க்காலுக்கு எண்பத்தாறு குழுக்கள் இறங்கின. எருமை குளிப்பாட்டுவதற்கே தனிக்குழு இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பேச்சிமுத்து எண்பத்தாறிலும் எழுதினார்: "நாத்து காயுது. தண்ணி விடுங்க."

பத்தே நிமிடத்தில் அலுவலரின் பதில் வந்தது. அந்த அலுவலகம் திறந்த நாளிலிருந்து அத்தனை வேகத்தை யாரும் பார்த்ததில்லை.

"ஐயா, தங்கள் பதிவில் தலைப்பு இல்லை. ஒரே பதிவைப் பல குழுக்களில் இட்டது ஒழுங்கீனம். புதிய உறுப்பினர் பதினான்கு நாள் பிறர் பதிவுகளை வாசித்து நடைமுறை அறிந்த பின்னரே பதிவு தொடங்கலாம். அதுவரை பதில் மட்டும் எழுதலாம்."

வாசிக்கப் பிறர் பதிவு ஒன்றுகூட இல்லை. பேச்சிமுத்துதான் முதல் உறுப்பினர்.

அவர் நேரே மடைக்குப் போனார். மடை திறக்கும் லஸ்கர் ஆரோக்கியசெல்வம் கையில் சாவியோடு நின்றார்.

"செல்வம், தொறந்து விடப்பா."

"குழுவுல கோரிக்கை வரணும்ணே. ஆபீசர் சொல்லியிருக்காக."

"நாந்தான் இங்கன நிக்கிறேனே!"

"நீங்க நிக்கிறீக. உங்க கோரிக்கை இன்னும் வாசிச்சுக்கிட்டு இருக்கே?"

இரண்டு நாளில் நாங்களும் சேர்ந்தோம். பதில் எழுதத் தடையில்லை அல்லவா, எழுதினோம். பதிலை மற்றவர் எழுதியதற்கு மேலே போடுவதா கீழே போடுவதா என்று ஒரு தகராறு கிளம்பி, நூற்று நாற்பது பதிவு ஓடியது. கீழ்க்கட்சிக்குத் தலைவர் பேச்சிமுத்து. நாற்றைப் பார்க்கப் போவதையே மறந்துவிட்டார்.

அதன்பிறகு பெனிஷா இன்னொரு வசதியைக் காட்டினாள். பிடிக்காத ஆளின் பெயரைக் குறித்துவிட்டால் அவர் எழுதுவது நம் கண்ணிலேயே படாது. எல்லோரும் ஒருமனதாக அலுவலர் பெயரைக் குறித்தோம். அரசாங்கத் திட்டம் ஒன்றில் நாங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

ஆறாம் நாள் காலை, எந்தக் குழுவிலும் சேராத பக்கத்து வயல் பிச்சைமணி ஓடி வந்தான். பேச்சிமுத்துவும் நானும் டீக்கடையில் ஆளுக்கொரு போனோடு இருந்தோம்.

"அண்ணே, வாய்க்கா நெறையத் தண்ணி போகுது! வந்து வெட்டுங்க!"

முதல் வயல்காரர் கரையை வெட்டித் தண்ணீர் பாய்ச்சாமல் அடுத்தவர் வாய்க்காலில் மண்வெட்டி வைப்பதில்லை என்பது எங்கள் முறை. முதல் வயல் பேச்சிமுத்துவுடையது.

"குழுவுல அறிவிப்பு வரலையேப்பா."

"கண்ணால பாத்துட்டு வாரேண்ணே!"

"பாத்தா ஆச்சா? மொதல்ல குழுவுல சேரு. பதினாலு நாள் வாசி. பெறகு தலைப்புப் போட்டு எழுது. ஆளாளுக்குத் தெருவுல கத்துனா ஒழுங்கு என்னத்துக்காகும்?"

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அறிவிப்பு முந்தைய நாளே வந்திருந்தது. முறையான தலைப்போடு, சரியான குழுவில், அலுவலர் எழுதியது. பத்து மணிக்கு ஆரோக்கியசெல்வம் மடையைப் பூட்டினார். ஒரு வயலிலும் பாயாத தண்ணீர் முல்லையாற்றில் விழுந்து வீரபாண்டிப் பக்கம் போனது. அடுத்த முறை பதினைந்து நாள் கழித்துத்தான். முற்றிப்போன நாற்றைப் பேச்சிமுத்து மாட்டுக்கு அறுத்துப் போட்டார்.

பிச்சைமணி சொன்ன பேச்சைக் கேட்பவன். அன்றே சேர்ந்து, பதினாலு நாளும் வாசித்து, தலைப்புப் போட்டு எழுதினான்: "வாய்க்காலில் தண்ணீர் போகிறது."

ஐம்பத்திரண்டு பதில் வந்தது. பழைய சேதி என்று பேச்சிமுத்து கண்டித்தார். அந்தப் பதிலை அவர் மேலே போட்டுவிட்டார் என்று நான் கண்டித்தேன்.