தாகத்துக்குக் குடித்த ஆமை

அந்த வருஷம் மைசூரில் இரண்டு அதிசயங்கள் நடந்தன. தேவராஜ மொஹல்லாவில் பூக்காரியும் மூட்டை தூக்குகிறவனும் வக்கீலும் ஒரே வரிசையில் நின்று, நாட்டை யார் ஆள்வது என்று முதல் தடவையாக ஓட்டுப் போட்டார்கள். விரலில் வைத்த மை அழிவதற்குள், அதே வரிசை வெற்றிலை மண்டிக்குப் பின்னால் நகர்ந்துபோய், தங்கள் வீட்டில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்று ஓர் ஆமையிடம் கேட்டது.

ஆமை பதில் சொன்னது. அதுதான் விசேஷம்.

மண்டிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மணைப் பலகை ஒன்றின் மேல், ஓடு தெரியாமல் மஞ்சளும் திருநீறும் அப்பிய ஆமை. கேள்வியோடு வந்தவர் கயிற்றைத் தாண்டி உள்ளே போவார். திரைக்குப் பின்னாலிருந்து சீடன் ஒரு பித்தளைக் கிண்ணத்தைப் பட்டுத் துணியால் மூடிக் கொண்டுவருவான். அதை இரண்டு கைகளாலும் வாங்கிப் பலகையை ஒட்டி வைத்துவிட்டு, நெற்றி தரையில் படக் குப்புற விழ வேண்டும். ஆமைச் சாமியார் துணியை உருவுவார். ஆமை குனிந்து தண்ணீர் குடித்தால், வந்தவர் புண்ணியவான். குனிந்து பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டால், வீட்டில் தோஷம். பரிகாரம் உண்டு. பரிகாரம் செய்தவர் மறுபடி வந்தால் ஆமை தவறாமல் குடிக்கும். அதற்கு அவ்வளவு ஞாபகசக்தி.

சீடன் சங்கு ஊதும்வரை தலை நிமிரக்கூடாது. நிமிர்ந்தால் பலன் போய்விடும். பலன் யாருக்குப் போய்விடும் என்று ஒருவரும் கேட்கவில்லை. குப்புற விழுந்தவன் எப்படிக் கேட்பான்?

ஆமை குடித்த மிச்சம் தீர்த்தம். அதைக் கை குழித்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக் குடித்தவர்களில் பி.ஏ. படித்தவர்களும் உண்டு. படித்தவர்கள் கொஞ்சம் கூடவே கேட்டு வாங்கினார்கள்.

"மாதேஸ்வரன் மலைக் காட்டுல தவம் பண்ணும்போது இது தானா வந்து என் மடியில ஏறிச்சு" என்பார் சாமியார். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மார்க்கெட் வாசலில் பல்பொடி விற்றதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பல்பொடி விற்ற மனிதருக்கு ஞானம் வந்ததை நம்பியவர்களுக்கு, ஆமைக்கு வந்ததை நம்புவதா கஷ்டம்?

சுந்தராம்பாள் அந்தக் கொட்டகைக்கு வேடிக்கை பார்க்கப் போனவள் அல்ல. அவளுடைய வழக்கும் அங்கேதான் விசாரணைக்கு வரவிருந்தது.

அவள் கணவன் ரத்தினசாமி அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவன். பிழை திருத்திய தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளுக்குப் படிக்கக் கொடுப்பான். ஒரு கோடையில் பாலாற்றுச் சோதனைச் சாவடி அருகே, மாட்டு வண்டிச் சக்கரம் ஏறி ஓட்டின் ஓரம் பெயர்ந்த ஒரு நட்சத்திர ஆமையைக் கண்டெடுத்து, துண்டில் முடிந்து கொள்ளேகால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அது நடக்கிற நிதானத்தையும், உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வரும் என்று எதிர்பார்க்கிற தோரணையையும் பார்த்து அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தான்.

மாப்பிள்ளை முதலில் தண்ணீரே குடிக்கவில்லை. சுந்தராம்பாள் கொட்டாங்கச்சியில் வைத்துப் பார்த்தாள். வட்டிலில் வைத்துப் பார்த்தாள். குனியும், பார்க்கும், தலையை இழுத்துக்கொள்ளும்.

"என் கைதான் ராசியில்லையாட்டம் இருக்குதுங்க" என்றாள்.

ரத்தினசாமி முற்றத்து மண்ணில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஆமையின் கண் மட்டத்திலிருந்து வட்டிலைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"ராசியுமில்ல கீசியுமில்ல புள்ள. அதுக்கு எட்டல."

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, விளிம்பு தரையோடு தரையாக இருக்கும்படி மண்ணில் புதைத்து, ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றினான். மாப்பிள்ளை நடந்து வந்து, முகத்தைக் கண்வரை முக்கி, தொண்டை ஏறி இறங்க வெகுநேரம் குடித்தது. குடித்து முடித்ததும் தட்டுக்குள்ளேயே இறங்கி, போகவேண்டியதையெல்லாம் அதிலேயே போயிற்று. தினமும் அதே வழக்கம். "விருந்து சாப்பிட்ட எலையிலேயே கை கழுவறாரு பாரு மாப்பிள்ளை" என்பான் ரத்தினசாமி. தட்டைக் கழுவுவது அவன் வேலை.

பின்னொரு மழைக்காலத்தில் டைபாயிடு அவனைக் கொண்டுபோயிற்று. தெருக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி, பக்கத்து வீட்டு நர்ஸ் டோரதி வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். ஒருவர் காதிலும் ஏறவில்லை. சாவுக்குக் காரணம் வேறு என்று ஊர் கண்டுபிடித்திருந்தது: வீட்டில் ஆமை வளர்த்தால் உருப்படுமா? கண்டுபிடித்தவர், அப்போதுதான் பல்பொடியை விட்டுப் பரிகாரத்துக்கு மாறியிருந்த அதே மனிதர். ரத்தினசாமியின் அண்ணன் கந்தசாமி, தம்பி பெண்டாட்டி அழ அழ, மாப்பிள்ளையைக் கோணிப்பையில் போட்டு அவரிடம் கொடுத்தார். "காவேரியில விட்டுடறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார் அவர்.

அப்படியும் வீட்டில் நிம்மதி வரவில்லை. கந்தசாமியின் மனைவி வடிவுக்கு இடுப்பு வலி வந்தது. பசுமாடு பால் குறைத்தது. அரிசியில் கல் அதிகமாயிற்று. ஆமை போய்விட்டதால், இப்போது காரணமாக இருக்க சுந்தராம்பாளை விட்டால் வேறு யாரும் இல்லை. அவள் இருந்த முன்னறையில் தையல் மிஷின் போட வடிவுக்கு நெடுநாள் ஆசை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"சாமிகிட்ட கேட்டுப்போடலாம் சுந்தரா" என்றாள் வடிவு. "ஆமை உன் கையால குடிச்சா நீ இங்கியே இரு. குடிக்கலைன்னா உன்ற அண்ணன் ஊட்டுக்குப் போயிரு. யாரு மேலயும் பழி வேண்டாம் பாரு."

"எனக்கு அண்ணனே இல்லீங்களேக்கா."

"ஒண்ணுவிட்ட அண்ணன் இருப்பான். தேடிப் பாரு."

கந்தசாமி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பியைப் பறிகொடுத்த மனிதர். யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது, கிணற்றின் மேல் கோபப்படத் தோன்றவில்லை.

விசாரணைக்கு முதல்நாள் மத்தியானம், சுந்தராம்பாள் டோரதியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தாள். மஞ்சளுக்கு அடியில் ஓட்டின் ஓரத்தில் ஒரு வெட்டு தெரிந்தது. பாலாற்று வண்டிச் சக்கரத்தின் வெட்டு.

"டோரதி, அது மாப்பிள்ளை."

"என்ன அக்கா சொல்றீங்க? உங்க வீட்டு ஆமையா?"

"எங்க ஊட்ல எமன். இங்க சாமி. தெரு மாறினா உத்தியோகமும் மாறுது பாரு."

மாப்பிள்ளை கிண்ணத்தின் மேல் குனிவதையும், கழுத்தை நீட்டுவதையும், இழுத்துக்கொள்வதையும் பார்த்தாள். தோல் சுருங்கி, கண் குழிந்து கிடந்தது. அன்றைக்கு முற்றத்தில் வட்டிலின் முன் நின்ற அதே நிலை. ரத்தினசாமியின் கன்னத்தில் ஒட்டியிருந்த மண் அவளுக்கு ஞாபகம் வந்தது. குப்புறப் படுத்த மனிதர்களை அங்கே நிறையப் பார்த்தாள். பார்ப்பதற்காகப் படுத்தவர் அவன் ஒருவன்தான்.

மறுநாள் கொட்டகை கொள்ளவில்லை. ஒரு விதவையின் தலையெழுத்தை ஆமை சொல்லப்போகிறது என்றால் மைசூரில் யாருக்குத்தான் வீட்டில் வேலை இருக்கும்? முன்வரிசையில் பூக்காரி பசம்மா, மடியில் மல்லிகையோடு.

சுந்தராம்பாள் கிண்ணத்தை வாங்கினாள். இலேசாக இருந்தது. வைத்தாள். விழுந்து கும்பிடவில்லை, மண்டியிட்டு நிமிர்ந்தே உட்கார்ந்தாள்.

"தலையைத் தாழ்த்தும்மா!" என்றான் சீடன்.

"கழுத்து சுளுக்குங்க."

சாமியார் துணியை உருவினார். மாப்பிள்ளை ஆவலோடு குனிந்தது, கழுத்தை நீட்டியது, இழுத்துக்கொண்டது. கூட்டம் 'த்சொ' கொட்டியது. வடிவு முந்தானையால் கண்ணை ஒற்றினாள். கண் ஈரமாயில்லை.

"ஆகல, கந்தசாமி. தோஷம் இவ காலோட வந்தது. இவ கை பட்ட தண்ணிய கூர்மம் தொடாது" என்றார் சாமியார்.

"சரிங்க சாமி, நான் பாவிதான். ஒரே ஒரு வேண்டுதல்" என்றாள் சுந்தராம்பாள். "உங்க கை பட்டா எந்தப் பாவமும் போயிருமுன்னு சொல்லுவீங்களே, நெசமுங்களா?"

சாமியார் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. "அதிலென்ன சந்தேகம்?"

"அப்பிடீன்னா இதே கிண்ணத்தை, இதே தண்ணிய, நீங்க உங்க கையால எடுத்து வையுங்க. ஒரு சொட்டு கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

"திரைக்குப் பின்னால கொண்டுபோய் மந்திரிச்சு..."

"இங்கியே மந்திரிங்க சாமி. நாங்களும் புண்ணியம் கட்டிக்கறோம்."

"ஹௌது ஸ்வாமி, இங்கேயே மாடி! நாங்களும் நோடறோம், பார்க்கறோம்!" என்றாள் பசம்மா. உண்மையான பக்தியோடுதான் சொன்னாள். கூட்டமும் கன்னடத்திலேயே "மாடி, மாடி", செய்யுங்கள் செய்யுங்கள், என்றது. பக்தி கூடிவிட்டால் சாமியாருக்குத் தப்ப வழியேது?

சாமியார் முணுமுணுத்துக்கொண்டே கிண்ணத்தை எடுத்து வைத்தார். மாப்பிள்ளை குனிந்தது. நீட்டியது. இழுத்துக்கொண்டது.

முன்வரிசை ஆமையை விட்டுவிட்டுச் சாமியாரைப் பார்த்தது.

"ஐயோ ராமா! ஸ்வாமியும் பாவியா?" என்றாள் பசம்மா.

சுந்தராம்பாள் எழுந்து, கற்பூரத் தாம்பாளத்தில் இருந்த பூவைக் கொட்டிவிட்டு, தாம்பாளத்தைத் தரையில் வைத்தாள். கிண்ணத்துத் தண்ணீரை அதில் சாய்த்தாள். மாப்பிள்ளையைப் பலகையிலிருந்து தூக்கி முன்னால் விட்டாள். பாவியின் கை, பாவியின் தண்ணீர், கூடவே ஒரு சாமியாரின் பாவமும் சேர்ந்த தண்ணீர்.

மாப்பிள்ளை முகத்தைக் கண்வரை முக்கியது. தொண்டை ஏறி இறங்கியது. குடித்துக்கொண்டே இருந்தது. எத்தனை நாள் தாகமோ! ஒருவரும் சங்கு ஊதவில்லை. குடித்து முடித்ததும், பழைய வழக்கம் மாறாமல், தாம்பாளத்துக்குள் ஏறி நின்று போகவேண்டியதையெல்லாம் போயிற்று.

முன்வரிசையில் ஒரு குமாஸ்தா, பழைய மிச்சத்திலிருந்து வாங்கி உள்ளங்கையில் ஏந்தியிருந்த தீர்த்தத்தைப் பார்த்தார். மெதுவாகக் கையைக் கவிழ்த்தார்.

"கிண்ணம் ஒண்ணுதானுங்க" என்றாள் சுந்தராம்பாள். "தளும்ப ஊத்தினா எட்டும், குடிக்கும். அரையா ஊத்தினா எட்டாது. எவ்வளவு ஊத்தறதுன்னு திரைக்குப் பின்னால முடிவாகுது. இதுல பாவமும் புண்ணியமும் எங்கீங்க வந்துது?"

டோரதி அதற்குள் திரையை விலக்கியிருந்தாள். எப்போதோ உள்ளே நழுவியிருந்த சீடன் சொம்பும் கையுமாக நின்றான். கந்தசாமி பலகையருகே வந்து, தள்ளாடிக் குந்தி, விரலால் ஓட்டின் மஞ்சளைத் துடைத்தார். நட்சத்திரக் கோடுகள் தெரிந்தன. பிறகு வெட்டு தெரிந்தது.

"இது எங்க ரத்தினத்தோட ஆமையில்ல?" என்றார். சாமியாரை நிமிர்ந்து பார்த்தார். "காவேரியில விட்டேன்னியே?"

காவேரி மண்டிக்குப் பின்னால் ஓடுவதில்லை. கூட்டம் பதில் தேடும் சந்தடியில் சாமியார் கொட்டகையின் பின்பக்கத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நஞ்சன்கூடு ரயிலடியில் மறுபடி பல்பொடி விற்கிறார் என்று பிற்பாடு கேள்வி. நல்லது. அதில் பல்லாவது விளங்கும்.

மாப்பிள்ளையை அன்று கோணிப்பையில் எடுத்துப்போன கந்தசாமி, தோள் துண்டை விரித்து அதில் ஏந்தி வீட்டுக்கு நடந்தார். முற்றத்தில் அந்த மண் தட்டைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. அவரே புல்லைப் பிடுங்கித் தட்டைக் கழுவினார். "முன்னறை உன்னோடதுதான் அம்மிணி. நாஞ் செத்தாலும் உன்னோடதுதான்" என்றார், தட்டைப் பார்த்தபடியே. வடிவின் தையல் மிஷின் சமையலறைக்குப் போயிற்று.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். மறுநாள் காலை கதவைத் திறந்தால், வாசலில் வரிசை. அதே வரிசை. தேங்காய், பழம், மல்லிகை. எல்லோருக்கும் முன்னால் பசம்மா.

"என்ன பசம்மா இது?"

"அவன் கள்ள ஸ்வாமி அம்மா. ஆமெ நெஜமான தேவரு! கள்ளனைக் காட்டிக் குடுத்துச்சே! நீங்களே எங்களுக்குக் கேட்டுச் சொல்லி, தாயி."

வடிவு உள்ளேயிருந்து குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஜனம் பிரியப்படுது சுந்தரா..."

பின்னால் முற்றத்தில் மாப்பிள்ளை தட்டில் முகம் முக்கியிருந்தது. சுந்தராம்பாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ரத்தினசாமி இருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பான். இருந்திருப்பான், யாராவது அன்றைக்கு டோரதி சொன்னதைக் கேட்டிருந்தால்.

"அந்த ஆமை தாகமெடுத்தா மட்டுந்தான் குடிக்குது" என்றாள். "நீங்க தாகமே இல்லாம, எவன் எதை ஊத்தினாலும் குடிக்கறீங்க. ஊட்டுக்குப் போயி தண்ணியக் காய்ச்சிக் குடிங்க. அடுப்பு எரியற நேரத்துல கொஞ்சம் ரோசனை பண்ணுங்க."