ஹாரன் அக்கா மீன் பார்க்கப் போன கதை

எங்கள் தாமான் குடியிருப்பில் சேவல்கள் கூவுவதை விட்டுவிட்டதற்கு ஒரே காரணம் ஹாரன் அக்காதான். விடியற்காலையில் அவர் தன் பள்ளிக்கூட வேனைக் கிளப்பி ஒரு ஹாரன் அடித்தால், இதற்கு மேல் நாம் கூவி என்ன ஆகப்போகிறது என்று சேவல்களுக்கே தோன்றிவிடும். ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டியிருந்த எங்கள் வீட்டு வரிசையில் யாரும் அலாரம் வைத்துப் படுத்ததாக எனக்கு நினைவில்லை.

அவருடைய உண்மையான பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளைகளுக்கும் ஹாரன் அக்கா, பெற்றோருக்கும் ஹாரன் அக்கா. சாலைச் சோதனையில் நின்ற மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒருவர் “காக் ஹோன்!” என்று அதே பெயரை மலாயில் சொல்லிச் சிரித்துக்கொண்டே வழிவிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. வேன் நிற்கும் இடத்தில் விழுந்த பள்ளத்தை யாரும் மூடவில்லை என்றதும், அதில் ஒரு வாழைக்கன்றை நட்டு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். கன்று மரமாகிவிட்டது. கடைசியில் லாரியோடு ஆட்கள் வந்தபோது இடுப்பில் கை வைத்து நின்றார். “மரம் தார் விடப்போற நேரத்துல தார் போட வந்துட்டீங்களாலா?”

அவருடைய கணவர் இதற்கு நேர் எதிர். பேரங்காடி ஒன்றில் காவலாளி. நாங்கள் அண்ணே என்போம். வேலைக்குப் போகும்போது ஒரு தலையாட்டல், திரும்பும்போது ஒரு தலையாட்டல். வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அக்காவே பேசிவிடுவதால் அண்ணனுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

ஒருநாள் சாயங்காலம் அக்கா வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

“தம்பி, உனக்கு நீச்சல் தெரியும்தானே?”

“தெரியும்க்கா.”

“நல்லது. ஸ்கூல் லீவுல நானும் அண்ணேவும் தீவுக்குப் போறோம். ஸ்நோர்க்கலிங், தண்ணில மெதந்து மீன் பாக்குறது. நீயும் வாற.”

“உங்களுக்கு நீச்சல் தெரியுமாக்கா?”

“தெரியாது.”

“அண்ணனுக்கு?”

“அவருக்கும் தெரியாது. அதுக்குத்தான் நீ.”

மறுநாளே பயிற்சி தொடங்கிவிட்டது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு நீச்சல் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் வாங்கி வந்தார். துணி ஊறவைக்கும் பேசினில் முகத்தைப் புதைத்துக் குப்புறக் கிடந்தவரைப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுச் சீனப் பாட்டி அலறி ஓடிவந்து தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். அடுத்து, கண்ணாடியையும் குழாயையும் மாட்டிக்கொண்டே வேன் ஓட்டினார். பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி வரும் பையன்கூட முதல் ஆளாக வேனில் ஏறினான். “மூக்க மறந்துடணும்லா, வாயாலதான் மூச்சு” என்று ஒருமுறை விளக்கிவிட்டுக் குழாயைத் திரும்பக் கவ்விக்கொண்டார். எங்கள் தாமான் அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

விடுமுறை வந்ததும் அக்காவின் வேனிலேயே கிளம்பிப் போய் லுமுட்டில் படகேறினோம். பங்கோர் தீவுக்குப் போகும் பெரிய படகுதான், ஆனாலும் அண்ணன் நடு இருக்கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. எனக்குப் பொறுக்கவில்லை.

“எதுக்குக்கா அண்ணனப் போட்டு இந்தப் பாடு? வாரேன்னு சொன்னாரா?”

“வரலன்னு சொல்லல.”

“அவர் எதத்தான் சொல்லியிருக்காரு?”

அக்கா என்னைப் படகின் ஓரத்துக்கு இழுத்துப் போனார். அவர் தணிந்த குரலில் பேசி அன்றுதான் கேட்டேன்.

“அவருக்கு ஒரு தம்பி இருந்தான். பத்து காஜா ஊரு பக்கத்துல, ஈயம் தோண்டின பழைய குட்டைக்கு ரெண்டு பேரும் குளிக்கப் போயிருக்காங்க. சின்னப் பசங்க. தம்பி எறங்கினவன் ஏறல. இவரு முங்கி முங்கித் தேடியிருக்காரு. உள்ள ஒரே சேறு, கண்ணுக்கு ஒன்னுமே தெரியலயாம். இத எங்க மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தத் தம்பி பேர இவரு வாயால நான் கேட்டதே இல்ல. தண்ணின்னா உள்ள இருட்டுதான்னு நெனச்சிக்கிட்டே இருக்காருலா. தெளிஞ்ச தண்ணிய ஒரு தடவ அவரு பாக்கணும். பாத்தே ஆவணும்.”

பங்கோரில் இறங்கி, எதிரே இருக்கும் சின்னத் தீவுக்கு ஒரு விசைப்படகு பிடித்தோம். அந்தக் குட்டிப் படகின் ஆட்டத்தில் வாந்தி எடுத்தது நான்தான். அக்கா என் முதுகைத் தடவினார். “நீச்சல் தெரிஞ்சவன் லட்சணத்தப் பாருங்க” என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை.

தீவை நெருங்கியதும் படகோட்டி நங்கூரம் போட்டு, ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்தார். அக்கா யோசிக்கவே இல்லை. தொப்பென்று குதித்தார். சட்டை காதுவரை ஏறிக்கொண்டது. முதல்முறை தலையைக் கவிழ்த்தபோது குழாயில் தண்ணீர் புகுந்து இருமினார். அடுத்த முறை கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. துப்பித் துடைத்துவிட்டு மறுபடி கவிழ்ந்தார். பிறகு குழாய் வழியாக ஒரு பெருங்கூச்சல் கிளம்பியது. படகோட்டி பதறி எழுந்தே விட்டார்.

“மீனு! எத்தன மீனுங்க! என்னாங்க, வாங்க!”

அண்ணன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“கை நீட்டினா தொட்டுடலாம்லா. வாங்க!”

மறுபடியும் தலையாட்டல். அதற்குள் மேற்கே மேகம் திரண்டது. கிளம்பலாம் என்று படகோட்டி கைகாட்டினார். அக்கா ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“அவரு பாக்காம நான் ஏற மாட்டேன். நீங்க போங்க, நான் இங்கயே கெடக்கேன்.”

“இவங்க விளையாட்டுக்குச் சொல்றாங்களா?” என்று படகோட்டி மலாயில் என்னைக் கேட்டார். வாழை மரத்தைப் பற்றி அவருக்கு எப்படிச் சொல்வது?

காற்று வீசத் தொடங்கியது. அக்காவின் தாடை குளிரில் அடித்துக்கொண்டது. உதடு வெளுத்துவிட்டது. பிடியை மட்டும் விடவில்லை. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார். முதுகைக் கடலுக்குக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

நானும் குதித்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். அக்கா தன் கண்ணாடியையும் குழாயையும் கழற்றி அவர் முகத்தில் மாட்டினார். வேனில் பிள்ளைகளுக்கு சீட் பெல்ட் போடுகிற அதே கண்டிப்போடு வாரை இழுத்துச் சரிபார்த்தார்.

“மூக்க மறந்துடுங்க. நான் புடிச்சிருக்கேன். கண்ண மட்டும் தொறங்க.”

அண்ணன் முகத்தைக் கவிழ்த்தார். அவருடைய விரல்கள் என் கையைக் கிள்ளி எடுத்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி தளர்ந்தது. பிறகு விட்டே போனது. அவர் தலை நிமிரவில்லை. அக்கா பயந்துபோய் முதுகில் தட்டியதும் நிமிர்ந்து குழாயை எடுத்தார்.

“அடிவரைக்கும் தெரியுது” என்றார்.

அவ்வளவுதான். மறுபடி கவிழ்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைக் கடலிலிருந்து எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. படகோட்டி கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன். “ஏறுங்கலா, மழ வருது!” என்று அக்கா தொண்டை கிழியக் கத்தினார். அண்ணன் குனிந்தபடியே ஒரு கையைத் தூக்கி, பொறு என்று காட்டினார்.

ஊர் திரும்பும் வழியில், சித்தியவான் ஊரைத் தாண்டி வேன் ஈப்போ சாலையில் போய்க்கொண்டிருந்தது. முன் இருக்கையில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்த அண்ணன் திடீரென்று பேசினார்.

“கறுப்பு வரி போட்ட மீனு ஒன்னு என்னையே பாத்துச்சி. பாலு இருந்திருந்தா கையாலயே புடிச்சிருப்பான்.”

அக்கா சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

பாலு வெறுங்கையால் கெளுத்தி பிடிப்பானாம். பிடித்ததை அம்மாவின் தேத்தண்ணி வாளியில் ஒளித்து வைத்து அடி வாங்குவானாம். அடித்தது வலிக்கவில்லை என்று அம்மாவிடமே போய்ச் சொல்வானாம். அண்ணன் சொல்லிக்கொண்டே சிரித்தார். நடுவில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். வேனை அக்கா ஊர விட்டார். எண்ணெய்ப்பனைக் காய் ஏற்றிய லாரிகள்கூட எங்களை முந்திப் போயின.

எங்கள் தாமான் முனை வந்தது. வேன் திரும்பவில்லை. நேராகப் போனது.

“அக்கா, நம்ம வீட்ட விட்டுட்டீங்க” என்றேன்.

வேனின் பின்பார்வைக் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“தெரியும்லா. பேசாம வா. அவரு இன்னும் முடிக்கல.”

நான் இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். வீட்டுக்குப் போக எனக்கும் அவசரம் எதுவும் இருக்கவில்லை.